ஜுகல்பந்தியில் ஆர் வெண்டது?

இருவர் இணைந்து வாசிக்கும் கச்சேரியைக் குறிக்கும் ஜுகல்பந்தி என்ற இந்திச் சொல்லுக்கு 'இருவரைச் சேர்த்துக் கட்டுவது' என்று பொருள் என அறிந்ததுமே, குருநகரில் இருக்கும் நண்பன் ஜூட்டை அழைத்தேன். அவன் கிற்றார், நான் வயலின். எங்கள் உரும்பிராய்க் கோயில் திருவிழா மேடையில் ஏறினோம்.

தவில்காரர் இருவர் மோதும் சமா என்ற போட்டி வாசிப்பைக் கேட்டுப் பழகிய சனம், எங்களிலும் ஒருவர் தோற்கவேண்டும் என்று காத்திருந்தது. நடுவில் என் தந்தி அறுந்தது.

"விடாதை தம்பி, அடி!" என்று ஜூட்டை உசுப்பினார்கள்.

அவனோ நான் விட்ட இடத்தையே மெல்லத் திரும்பத் திரும்ப வாசித்து, நான் வேறு தந்தியில் வந்து சேரும்வரை காத்திருந்தான். சேர்ந்தபோது கைதட்டல் அடங்கவேயில்லை.

இறங்கியதும் ஒருவர் கேட்டார், "ஆர் வெண்டது?"

"ரண்டு பேரையும் சேத்துக் கட்டினாப்பிறகு ஆர் அண்ணை தனிய வெல்லுறது?" என்றான் ஜூட்.

இவன் என் நண்பன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன். அடுத்தது அவனுடைய தேவாலயத் திருவிழா. அவர்களின் பாட்டுகளைப் பழக இந்த ஞாயிறே வயலினோடு போகிறேன்.