மூன்று பிளேடும் பன்னிரண்டாயிரமும்

"சனி, மாலை 5.10. மேகமூட்டம். 12-க்கு 8, மூன்று பிளேடு. நிமிடத்துக்கு 12,000 சுற்று. திருப்தி." என் குறிப்பேட்டில் உள்ள வரி. கிழமையும் நேரமும் சரி. மேகமும் சரி.

அந்த மாதிரி விமானம் என் மனைவியின் தம்பி கட்டியது. சுங்கை பட்டாணியில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் அவன் இயந்திரம் பழுதுபார்ப்பவன். ஷிப்ட் இல்லாத நேரங்களில் பால்சா மரத்தை அறுத்து, ஒட்டி, பழைய சண்டை விமானம் ஒன்றை ஏழில் ஒரு பங்கு அளவில் செய்து முடிக்க இரண்டு வருடம் பிடித்தது. அசலின் முன்விசிறிக்கு மூன்று பிளேடு. ஆகவே இதற்கும் மூன்று வேண்டும் என்றான். பன்னிரண்டு அங்குல விட்டம், ஒரு சுற்றுக்கு எட்டு அங்குல முன்னேற்றம். 7.5 சி.சி. எஞ்சினுக்கு அது பாரம் என்றேன். சுற்று பன்னிரண்டாயிரத்தைத் தொட்டால் பார்க்கலாம் என்றும் சொன்னேன். அவன் வீட்டு வாசலில் எஞ்சினை ஓட்டி, சுற்று எண்ணும் மீட்டரால் அளந்தேன். தொட்டது.

"மச்சான், சத்தம் கனமா இருக்கு. முக்குதுலா," என்றான்.

நான் மீட்டரைக் காட்டினேன். அவன் எஞ்சினை நிறுத்தினான்.

மறுநாள் காலை கோலா கெத்தில் பக்கம் ஒரு தோட்டத்துத் திடலுக்குப் போனோம். வழக்கமாகப் பறக்கவிடும் ஐந்தாறு பேர் இருந்தார்கள். திடலின் மறுமுனையில் செம்பனை. அதற்குள் எழும்பாவிட்டால் மரத்தில்தான் போய் மோதும். எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டது. இன்னொரு முறை அளக்கலாம் என்று மீட்டரை எடுத்தபோதுதான் அதன் பொத்தானைப் பார்த்தேன். எத்தனை பிளேடு என்று குறிக்கும் அது இரண்டில் நின்றது. மீட்டர் எண்ணுவது வெளிச்சத்தைக் கடக்கும் பிளேடுகளை. அதை இரண்டால் வகுத்தால் பன்னிரண்டாயிரம், மூன்றால் வகுத்தால் எட்டாயிரம்.

கையை உயர்த்தி எஞ்சினை நிறுத்தச் சொன்னேன். எல்லாரும் கேட்கும்படியே காரணத்தையும் சொன்னேன்.

அவன் பொத்தானைப் பார்த்தான், பிறகு மரங்களை. "இப்பவாவது சொன்னீங்க. மோதினப்புறம் சொல்லியிருந்தா அக்கா உங்களுக்குச் சோறு போட்டிருக்காது," என்றான்.

பெட்டியில் 11-க்கு 6, இரண்டு பிளேடு ஒன்று இருந்தது. பொத்தானைச் சரிபார்த்து அளந்தோம்: 11,700. அவன் சிவப்புப் பூசி வைத்திருந்த மூக்குக் கூம்பில் மூன்று பிளேடுக்குத்தான் வெட்டு. அதைக் கழற்றி வைக்க வேண்டியதாயிற்று. மூக்கறுந்த பிளேன் என்று ஒருவர் கிண்டல் செய்தார். அவனும் சிரித்தான், ஆனால் எடுப்பதாக இருந்த படத்தை எடுக்கவில்லை.

பாதித் திடலில் எழும்பியது. ஆறு நிமிடம் பறந்து முழுதாக இறங்கியது.

மூன்று பிளேடிலும் எழும்பியிருக்கும், கடைசி மரத்துக்குக் கொஞ்சம் முன்னால் என்பது அவன் கட்சி. எழும்பியிருக்காது என்பது என் கட்சி. இரண்டையும் யாரும் இதுவரை சோதித்துப் பார்க்கவில்லை.