கோட்டுக்குள் மட்டும் மச்சான்

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் எங்கள் பக்கம் கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது, பிள்ளைகளே. எலவனாசூர்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. பகலில் வயல் வேலை, சாயந்திரம் ஏரிக்கரையில் கபடி.

எங்கள் குழுவில் ஊர்ப் பையன்களும் உண்டு, காலனிப் பையன்களும் உண்டு. இடது ஓரத்தில் நானும் காலனிப் பையன் ஒருவனும் ஜோடி. எதிராளி பாடிக்கொண்டு வரும்போது இரண்டு பேரும் கை கோத்து நிற்போம். அவன் என் விரலை இறுக்கினால் பாய வேண்டும் என்று அர்த்தம். ஒரு தடவைகூட அவன் கணக்கு தப்பியதில்லை.

கோட்டுக்குள் அவன் என்னை மச்சான் என்பான். கோட்டைத் தாண்டினால் வாங்க, போங்கதான். டீக்கடையில் அவனுக்குத் தனி கிளாஸ். அது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

தை அறுப்பு முடிந்து ஆட ஆரம்பித்த அந்த வருஷம், போன இடமெல்லாம் ஜெயித்தோம். ரிஷிவந்தியத்தில் கடைசி ஆட்டம். ஒரு மில்லின் கபடிக் குழுவுக்கு ஆள் எடுக்க அங்கே வருகிறார்கள், அவனைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று சொன்னார்கள். எடுத்துக்கொண்டால் மில்லிலேயே நிரந்தர வேலை.

"மச்சான், மில்லுல சேந்துட்டா உன்ன யாருன்னு கேப்பேன் பாரு" என்று கோட்டுக்குள் நின்று சிரித்தான்.

அதற்குள் போராட்டத்தில் எங்கள் ஆட்கள் புளியமரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே போட்டார்கள். பஸ் நின்றது. அந்தக் கலவரத்தில் காலனிக் குடிசைகள் எரிந்தன. கொளுத்தியது யார் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை.

பஸ் ஓட ஆரம்பித்ததும் ஆட்டத்துக்கு நாள் குறித்தார்கள். அன்று காலையில் அவனைக் கூப்பிடப் போனேன். கருகின மூங்கிலை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். அவன் அம்மா என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வேலிமேல் காய்ந்ததால் அவன் ஆட்டப் பனியன் மட்டும் தப்பியிருந்தது. அதை மடித்து என்னிடம் நீட்டினான்.

"இத உங்க ஆளு யாராச்சும் போட்டுக்கினு ஆடட்டுங்க."

"டேய், மில்லுக்காரங்க உன்னப் பாக்கத்தான்டா வராங்க. வா மச்சான்."

கோட்டுக்கு வெளியே நான் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"அதெல்லாம் கோட்டுக்குள்ளதாங்க" என்றான். "வூடு எரிஞ்சி கெடக்குது. இன்னிக்கு உங்க கையப் புடிச்சிக்கினு நின்னா, எங்கம்மா மூஞ்சில எப்பிடிங்க முழிப்பேன்?"

மற்ற காலனிப் பையன்களும் வரவில்லை. யார் யாரையோ சேர்த்து ஆடினோம். முதல் ஆள் பாடிக்கொண்டு வந்ததும் என் கை தானாகப் பக்கத்தில் நீண்டது. பிடிக்க அவன் இல்லை. தோற்றோம். "அந்த ஓரத்துப் பையன் எங்க?" என்று மில்லுக்காரர் கேட்டார்.

அவன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்தப் பனியன் இன்னும் என் பெட்டியில்தான் இருக்கிறது. கோட்டுக்கு வெளியே ஒரே ஒரு நாளாவது அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு டீக்கடைக்குப் போயிருந்தால், அன்று நான் கூப்பிட்டதும் வந்திருப்பானோ என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.