சவுரிமுத்து எழுதிய பதினேழு

குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. ரோட்டில் முனிரத்தினத்தின் கார் பெயிண்ட் ஷெட்டில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர் சவுரிமுத்து. பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் ஓடிய வண்டிகளில் பாதிக்கு நம்பர் பிளேட் எழுதியது அவர்தான். யாருக்கும் பயந்தவர் இல்லை. 1994-இல் ஒரு சிவப்புக் கார் வந்து அதைக் கெடுத்தது.

திருமுடிவாக்கத்தில் தொழிற்சாலை வைத்திருந்த அசரியா வெளிநாட்டிலிருந்து இறக்கிய கார் அது. இரண்டே பேர் உட்காரலாம். தரையை ஒட்டிய தாழ்வு, ரோட்டில் மழைத்தண்ணீர் தேங்கினால் அதுவும் முடியாது. உலகத்திலேயே இருநூறு வண்டிதான் செய்தார்களாம். இதே எஞ்சினோடு சாதாரண வண்டியும் உண்டு, இதற்கு மட்டும் விலை மூன்று மடங்கு. எதற்காம்? கதவைத் திறந்தால் உள்ளே ஒரு சின்னத் தகடு, அதில் இருநூறில் இது எத்தனையாவது என்று கையால் எழுதிய நம்பர். அதற்குத்தான்!

கதவோரத்துக் கீறலைச் சரிசெய்ய வண்டியை விட்டுப் போனார் அசரியா. "சவுரி, இதுல ஒரு பொட்டு கெட்டாலும் நம்ம ஷெட்டையே வித்தாலும் பத்தாது. பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு முனிரத்தினம் திருப்பதிக்குப் பஸ் ஏறினார்.

வந்த வண்டியை முதலில் பெயிண்ட் கரைக்கும் தின்னரில் நனைத்த துணியால் அழுத்தித் துடைப்பது சவுரிமுத்துவின் வழக்கம். அம்பாசடருக்கும் அதுதான், சிவப்புக் காருக்கும் அதுதான். துடைத்துவிட்டுப் பார்த்தால் தகடு மொழுக்கென்று இருந்தது. நம்பர் துணியில் வெள்ளைக் கறையாக ஒட்டியிருந்தது.

துடைக்கும் முன் அதை ஒரு பார்வைதான் பார்த்திருந்தார். ஒன்றும் ஏழும் இருந்தது நிச்சயம். பதினேழா, எழுபத்தொன்றா? நம்பர் பிளேட் எழுதிக்கொள்ள வருகிறவர்கள் கூட்டுத்தொகை கேட்பார்கள், எட்டு வந்தால் முகம் சுளிப்பார்கள். அந்தப் பழக்கத்தில் இதையும் கூட்டிப் பார்த்தார். எப்படிப் போட்டாலும் எட்டுதான் வந்தது.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. வேலை போகும், போலீஸ் வரும், இந்த வயதில் எவன் வேலை கொடுப்பான் என்று வீட்டில் புலம்பிக்கொண்டே இருந்தார். "அவரையே போன்ல கேட்டுட வேண்டிதானே? இதுல இன்னா கீது?" என்றாள் மனைவி ஞானசௌந்தரி.

எதிர்க் கடையிலிருந்து போன் போட்டார். "சார், மொதலாளி குறிச்சி வெக்கச் சொன்னாரு. அந்தத் தகட்டு நம்பர் இன்னா சார்?"

"கதவைத் திறந்தா தகட்டுலயே இருக்கும், பாத்துக்கோப்பா" என்று அசரியா போனை வைத்துவிட்டார்.

வேறு வழியில்லை. மாதாவை வேண்டிக்கொண்டு பதினேழு என்று எழுதினார்.

மூன்றாம் நாள் அசரியா ஒரு நண்பரோடு வந்தார். "இதுக்குப் போயா மூணு மடங்கு குடுத்தே?" என்று நண்பர் சிரித்தார்.

"இந்த நம்பர் உலகத்துல வேற எவன்கிட்டயும் கிடையாதுடா." அசரியா கதவைத் திறந்து, குனிந்து, தகட்டைப் பார்த்துப் படித்தார். "பதினேழு!"

தப்பித்தாயிற்று. வேறொருவராக இருந்தால் சத்தம் காட்டாமல் உள்ளே போயிருப்பார். சவுரிமுத்துவால் முடியவில்லை. என்றைக்காவது வண்டியோடு வந்த காகிதத்தைப் பிரித்து நம்பரை ஒத்துப் பார்ப்பார்களே, அந்த நாளுக்காகத் தினம் தினம் செத்துக்கொண்டிருக்க முடியுமா? நண்பர் பெட்டிக்கடைப் பக்கம் போனதும், கைகட்டிக்கொண்டு நடந்ததைச் சொல்லிவிட்டார்.

"பேப்பரப் பாத்து சொல்லுங்க சார். தப்புன்னா இப்பவே மாத்திக் குடுத்துர்றேன்."

அசரியா கத்தவில்லை, கையை ஓங்கவில்லை. தகட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. பெட்டிக்கடையிலிருந்து நண்பர் திரும்பி வருவது தெரிந்ததும் சட்டென்று கதவைச் சாத்தினார்.

"அண்ணா," என்றார் மெல்ல, சவுரிமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டு. "இதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."