காகிமாவுக்கு வந்த ரொட்டி

மீன் பொரிக்கிற வாசனை வந்தால் ஜன்னலைச் சாத்துகிற ஆட்கள் கிடர்பூரிலேயே நாங்கள் மட்டும்தான் இருந்திருப்போம். அப்பாவுக்குத் துறைமுக ஆபீசில் வேலை. திருநெல்வேலிச் சைவம். கேக் வாங்கினால்கூட முட்டை போட்டதா என்று இரண்டு தடவை விசாரிப்பார். அப்படிப்பட்ட மனிதர் கல்கத்தாவில் பன்னிரண்டு வருஷம் குப்பை கொட்டியதே பெரிய காரியம்.

எனக்கு எட்டு வயதானபோது அம்மா பின்லாந்துக்குப் போனாள். ஜாதவ்பூரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவளுக்கு அங்கே இரண்டு வருஷ வேலை கிடைத்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கீழ்வீட்டு வங்காளி அம்மாள் எனக்காகக் கதவைத் திறந்து வைத்திருப்பாள். காகிமா என்று கூப்பிடுவேன். நம் ஊரில் சித்தி என்பது மாதிரி. பொரி கொடுப்பாள், வீட்டுப்பாடம் எழுத வைப்பாள், தலை பின்னிவிடுவாள். பாவம், எல்லாம்தான் செய்தாள். ஆனால் ஆறரை மணிக்கு அப்பாவோடு மாடியேறினால் வீடு வெறிச்சென்று கிடக்கும். எங்கள் இருவருக்கும் பேசிக்கொள்ள ஒன்றும் இருக்காது. குக்கர் விசிலை அப்பா எண்ணுவார், நானும் எண்ணுவேன். ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரில் அம்மாவின் முகம் வரும்வரை ஆறு நாளும் இப்படித்தான் போகும்.

இரண்டாவது வருஷம் முடியப்போகிற சமயம். துர்கா பூஜைக்கு வந்துவிடுவேன் என்றிருந்த அம்மா, இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், என்ன செய்யட்டும் என்று அப்பாவைக் கேட்டாள். அப்பா சம்மதிக்கவில்லை. மீனும் மாடும் தின்கிற ஊரில் எத்தனை நாளைக்குத்தான் அரை வயிறாகக் கிடப்பாய், கிளம்பி வா என்றார். எனக்கு அது போதும். அம்மா வரப்போகிறாள் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

அந்த வாரம்தான் அம்மாவோடு வேலை செய்த ஒரு வங்காளிப் பெண் ஊர் திரும்பினாள். சனிக்கிழமை மத்தியானம் அப்பா குளித்துக்கொண்டிருந்த நேரம் வந்து, அம்மா கொடுத்தனுப்பிய இரண்டு பொட்டலங்களை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். இரண்டிலும் வட்டமான கறுப்பு ரொட்டி. ஒன்றின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் ‘வீட்டுக்கு’ என்று ஒரே வார்த்தை. மற்றதில் காகிமாவுக்கு வங்காளியில் நாலு வரி. என் பெண்ணைப் பார்த்துக்கொள்கிறீர்கள், இது உங்களுக்காகவே தேடி வாங்கியது, அறுத்துப் பாருங்கள், தெரியும் என்று எழுதியிருந்தாள். இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்தேன். காகிமாவுடையது இரண்டு மடங்கு கனம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற பெண் நான் இங்கே குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன், கனமான ரொட்டியும் நாலு வரியும் கீழ்வீட்டுக்கா? டேப்பை நகத்தால் உரித்துச் சீட்டுகளை மாற்றி ஒட்டினேன். லேசான ரொட்டியைக் காகிமாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவள் அதை அறுத்து, என்ன தெரிய வேண்டும் என்று புரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். டீயில் தோய்த்து ஒரு வாய் தின்றாள். புளிப்பில் முகம் சுருங்கியது. அவ்வளவு தூரத்திலிருந்தும் என்னை நினைத்தாளே, அதுவே போதும் என்று சொல்லி, சீட்டைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

நான் மாடிக்குத் திரும்பியபோது அப்பா எங்கள் ரொட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மேல்தோடு மரக்கட்டை மாதிரி இருந்தது. கத்தி இறங்கியதும் வாசனை எழுந்தது. உள்ளே சின்னச் சின்ன மீன்கள், நெருக்கமாக அடுக்கி, முள்ளெல்லாம் கரைய வெந்து கிடந்தன. கலகுக்கோ என்று அதற்குப் பெயர், ரை என்கிற தானிய மாவுக்குள் மீனை வைத்து மூடி மணிக்கணக்கில் சுடுவார்கள் என்பதெல்லாம் பின்னால் படித்தது. நடுவில் பன்றிக் கொழுப்பும் வைப்பார்களாம். அதை அப்பாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

தூக்கி எறியப்போகிறார், அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்கப்போகிறார், நான் மாட்டிக்கொள்ளப்போகிறேன் என்று கதவோரம் நின்றேன். அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். காகிதத்தை எடுத்து, ‘வீட்டுக்கு’ என்ற அம்மாவின் எழுத்தை இன்னொரு தடவை படித்தார். பிறகு ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். இன்னொரு துண்டும் சாப்பிட்டார். கண்ணில் நீர் முட்டியது. அப்போதுதான் என்னைக் கவனித்தார்.

“உனக்கு வேண்டாம்ட்டீ. நீ தயிர்சோறு சாப்பிடு.”

மறுநாள் கம்ப்யூட்டரில் அம்மா வந்தாள். காகிமாவுக்குப் பிடித்ததா என்று என்னிடம் கேட்டாள். நான் வேகமாகத் தலையாட்டினேன். பிறகு அப்பாவிடம் திரும்பினாள்.

“ரொட்டி சாப்பிட்டீங்களா? நீங்க தொடவே மாட்டீங்கன்னுல்லா நெனச்சேன்.”

அவள் நினைத்துச் சொன்னது ரொட்டியின் புளிப்பை; அப்பா எடுத்துக்கொண்டது மீனை.

“சாப்பிட்டேன்” என்றார் அப்பா. “நீ அங்க பழகிக்கிட்டே. எனக்குத்தான் தெரியாமப் போச்சு. ஒரு வருஷம்தானே, இருந்துட்டு வா.”

அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். யாரும் கண்டுபிடிக்கவில்லை என்ற சந்தோஷத்தில் இருந்த எனக்கு, அம்மா வரப்போவதில்லை என்பது உறைக்கவே சற்று நேரமாயிற்று. அந்தப் பூஜைக்குக் கூட்டத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு பந்தல் பந்தலாக அப்பா நடந்தார். நான் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவை வர விடாமல் செய்தவர் அவர் என்று என் கணக்கு.

ஒரு வருஷம் கழித்து அம்மா திரும்பி வந்தாள். மீன் பேச்சை அப்பா எடுக்கவேயில்லை. அவளுக்குச் சங்கடமாக இருக்கும் என்று விட்டிருப்பார். நான் கல்கத்தா நியூ டவுனில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஒருநாள் பேச்சுவாக்கில் அம்மாவே என்னிடம் சொன்னாள். மூன்று வருஷமும் உருளைக்கிழங்கும் தயிருமாகத்தான் ஓட்டினாளாம். மீனை ஒரு நாள்கூடத் தொடவில்லையாம்.

அவள் வாழ்கிற இடத்துக்குத் தானும் வந்துவிட வேண்டும் என்றுதான் அப்பா அன்றைக்கு அந்த மீனை விழுங்கியிருக்கிறார். அங்கே அவள் இல்லை என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்து சொல்லியிருக்க வேண்டியவள், சீட்டை மாற்றிய நான். எனக்குப் பத்து வயது.