ஆயுத பூஜைக்கு மறுநாள்

கல்யாணமாகி நான் போன ஊர் இரண்டு குன்றுகளுக்கு நடுவில் இருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் அதைப் பெருமையாகத்தான் சொன்னார்கள். காற்று சிலுசிலுவென்று வருமாம், புயல் அடித்தாலும் ஓடு பறக்காதாம். புயலைப் பற்றி எனக்குத் தெரியாது. காற்று எங்கே வந்தது? தொண்ணூறுகளின் நடுவில் நான் உத்திரமேரூர் பஸ்ஸிலிருந்து இறங்கியபோதே ஒரு குன்றைப் பாதி தின்றிருந்தார்கள். அடிவாரத்தில் கிரஷர் ஓடிக்கொண்டிருந்தது. வெடி வைத்துப் பிளந்த பாறையை அதில் கொட்டி ஜல்லியாக உடைப்பார்கள். கிளம்புகிற தூசி வெளியே போக வழியில்லாமல் எங்கள் தலைமேலேயே நிற்கும். பனிக்காலத்தில் மத்தியானம் வரைக்கும் சூரியன் அழுக்கு வேட்டிக்குப் பின்னால் இருக்கிற மாதிரிதான் தெரியும்.

என் வீட்டுக்காரர் அந்தக் கிரஷரில்தான் டிப்பர் லாரி ஓட்டினார். அதனால் வாய்விட்டுத் திட்டவும் முடியாது, திட்டாமல் இருக்கவும் முடியாது. நாள் முழுக்கத் துடைத்துக்கொண்டே இருப்பேன். குடத்து வாய்க்குத் துணி கட்டுவேன். வைக்கோலை உதறித்தான் மாட்டுக்குப் போடுவேன். காய்ந்த துணியை எடுத்து மறுபடி அலசுவேன். "உனுக்கு இன்னா, கையில நமைச்சலா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்பாள். எனக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது, அவ்வளவுதான்.

ஆனால் எங்கள் பெண்ணின் நெஞ்சை எதைக் கொண்டு துடைப்பது? பால்குடி மறந்த கொஞ்ச நாளிலேயே அவளுக்கு மூச்சிழுப்பு வந்துவிட்டது. ஊரில் ஒருத்தர்கூடத் தூசியைச் சொல்லவில்லை. தலைக்கு ஊற்றாதே, தயிர் கொடுக்காதே, வாழைப்பழம் ஆகாது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். நானும் ஒவ்வொன்றாக நிறுத்தினேன். கடைசியில் அந்தக் குழந்தைக்கு மிஞ்சியது ரசம் சோறும் இழுப்பும்தான். கிரஷரை யார் சொல்வார்கள்? வீட்டுக்கு ஒருத்தராவது அங்கே கூலி வாங்கினார்கள்.

"பனி ஒடம்பு. வளந்தா சரியாப் பூடும்" என்பார் அவர், அவளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே. மாகறலில் இருக்கிற என் அம்மா வீட்டுக்கே போய்விடலாம் என்றால், "அங்க போயி நான் இன்னா வேல பண்றது? ஆத்தங்கரையில குந்திக்கினு தண்ணி போறத பாக்கறதா?" என்று வாயை அடைத்துவிடுவார்.

அவளுக்கு மூன்று வயதான வருஷம், ஆயுத பூஜைக்கு முன்னாலேயே மிசினைக் கழுவிப் பெயின்ட் அடிக்க வேண்டுமென்று கிரஷரை நிறுத்திவிட்டார்கள். லாரிகளுக்கு வாழைக்கன்று கட்டினார்கள், மிசினுக்குச் சந்தனம் வைத்தார்கள், ஊருக்கெல்லாம் பொரிப் பொட்டலம் வந்தது. தூசி அடங்கி, எதிர்க்குன்றில் மேய்கிற ஆடுகூடத் தெரிந்தது. என் பெண் தெருவில் ஓடினாள். ஓடிவிட்டு வந்து, மூச்சு வாங்காமல் பொரி கேட்டாள். அன்று சாயங்காலம் அவரைப் பிடித்து உட்காரவைத்தேன்.

"மிசின் நின்னா இவளுக்கு நல்லா கீது. இப்ப இன்னா சொல்றீங்க?"

அவர் பொரியை மென்றுகொண்டிருந்தார்.

பூஜைக்கு மறுநாள் மிசினைத் திரும்ப ஓட்டும்போது, முதல் பொத்தானை ஒரு பெண் குழந்தை கையால் அழுத்த வைப்பது அங்கே வழக்கம். அந்தத் தடவை முதலாளி எங்கள் பெண்ணைக் கேட்டனுப்பினார். நான் கூடாது என்றேன். வேண்டாம் என்று சொன்னால் லாரிச் சாவி கையைவிட்டுப் போய்விடுமோ என்று என் வீட்டுக்காரருக்குப் பயம். அதற்குமேல், நம் பெண்ணைக் கேட்டாரே என்று பூரிப்பு வேறு. பவுடர் பூசி, பட்டுப் பாவாடை கட்டித் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"கொயந்த கைராசில இந்த வருசம் ஓஹோன்னு ஓடணும்" என்றார் முதலாளி. அவள் பொத்தானை அழுத்தினாள். மிசின் உறுமியது. எல்லோரும் கைதட்டினார்கள், அவளும் தட்டினாள். முதல் லோடு கல் உள்ளே விழுந்ததும் தூசி எழும்பி அவளை மறைத்துவிட்டது. அது விலகியபோது என் பெண் அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். இருமுவதற்குக்கூட அவளிடம் மூச்சு இல்லை.

பூஜை போட்ட லாரியிலேயே உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கட்டியிருந்த வாழைக்கன்றுகள் வழியெல்லாம் முறிந்து விழுந்தன. ஊசி போட்டு, மருந்துப் புகை வைத்து, அவளுக்கு மூச்சு திரும்பிய பிறகு வராந்தாவில் அவர் என்னிடம் சொன்னார்: "நீ இவள இட்டுக்கினு மாகறலு போ. நான் இங்கியே கீறேன். சோறு துன்னணுமில்ல." சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

மாகறலில் செய்யாற்றுக் காற்று. அடுத்த மழைக்காலத்துக்குள் அவளுக்கு இழுப்பு விட்டுவிட்டது. தயிரைக் கையால் வழித்துத் தின்றாள். அவர் சனிக்கிழமை சாயங்காலம் வருவார். பம்புசெட்டில் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் அவளைத் தொடுவார். நான் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுப் படுத்தவரின் நெஞ்சில் தலைவைத்து அவள் படுத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் தலையைத் தூக்கினாள்.

"அம்மா, நைனாவுக்கு உள்ள யாரோ விசில் அடிக்கிறாங்க."

"கம்முனு படு, கண்ணு" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். நான் கிட்டே போய்க் காதை வைத்துக் கேட்டேன். எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம்தான்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்குப் போக அவர் சட்டையைத் தேடினார். கொண்டுவந்திருந்த இரண்டையும் நான் வாளியில் ஊறப்போட்டிருந்தேன். ஒன்றை எடுத்துப் பிழிந்து, ஈரத்தோடே போட்டுக்கொண்டு போனார்.