கல்லாற்றுத் தங்கையனின் பூஜ்யம்

1. ஓ.பி.யில்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே டாக்டர் உண்ணி என்னிடம் ஒரு கத்தைக் கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டார்.

"மலையாளத்துல கேக்க இங்க ஆளுண்டு. தமிழ்ல கேக்கத்தான் ஆளில்ல. அதுக்குத்தான் உங்களை எடுத்தது" என்றார்.

திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரி. தோல் புற்றுநோய்ப் பிரிவு. போனக்காடு, பொன்முடி எஸ்டேட்டுகளிலிருந்தும் பாறசாலைப் பக்கத்திலிருந்தும் தமிழர்கள் வருவார்கள். கட்டியின் நீள அகலத்தை டாக்டர் ஸ்கேல் வைத்து அளப்பார். அந்தக் கட்டியோடு அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதை அளப்பது என் வேலை. போன வாரம் வெளியே போகக் கூச்சமாக இருந்ததா? வேலைக்கு இடைஞ்சல் உண்டா? 'ரொம்ப' என்றால் அதிக மதிப்பெண், 'கொஞ்சம்' என்றால் குறைவு. 'இல்லவே இல்லை' என்றாலும் 'எனக்குப் பொருந்தாது' என்றாலும் பூஜ்யம். மொத்த ஸ்கோர் கூடினால் கஷ்டம் கூடுதல் என்று அர்த்தம்.

ஓய்வு பெற்ற பிறகும் அந்த ஓ.பி. அறை அடிக்கடி நினைவுக்கு வருகிறது. போனக்காட்டுப் பெண்கள் பத்திரிகைத் தாளில் பொட்டலம் கட்டித் தேயிலைத் தூள் கொண்டுவருவார்கள். காண்டீனிலிருந்து பழம்பொரி வாசனை வரும்போது பாதி கேள்வியில் எங்கள் பேச்சு சாப்பாட்டுக்குப் போய்விடும்.

தங்கையன் அங்கேதான் எனக்கு அறிமுகமானார். கல்லாற்றில் டீக்கடை வைத்திருந்தார். மூக்கின் ஓரத்தில் வந்த புண்ணை அட்டைக் கடி என்று நினைத்து நெடுநாள் விட்டுவிட்டார். பயாப்ஸியில் பேஸல் செல் வகைத் தோல் புற்று என்று வந்தது. கட்டியை முழுதாக எடுத்து, அந்த இடத்தில் தொடைத் தோலை ஒட்டினார்கள். நோய் போய்விட்டது. ஆனால் மூக்கின் ஒரு பக்கம் குழிந்து, கருத்துப் போயிருந்தது.

நான் எந்தக் கேள்வி கேட்டாலும் அவர் பெரும்பாலும் ஒரே பதில்தான் சொன்னார். "கொழப்பமில்ல சிஸ்டரே." பிரச்சினை ஒன்றுமில்லை என்பதை அங்கே மலையாள வழக்கில் அப்படித்தான் சொல்வார்கள்.

"கூச்சமா இருக்கா அண்ணாச்சி?"

"கொழப்பமில்ல."

"கடை வேலை?"

"அது பாட்டுக்கு நடக்குது."

ஸ்கோர் பூஜ்யம். நெற்றித் தோலைத் திருப்பி மூக்கைச் சரிசெய்யும் ஆபரேஷனுக்கு யாரையெல்லாம் சேர்ப்பது என்று மீட்டிங்கில் பேசியபோது, டாக்டர் அவர் பெயரைத் தள்ளி வைத்தார். "இவருக்கு ஒரு குறையும் இல்லையே" என்றார். நானும் தலையாட்டினேன்.

2. கல்லாறு

அடுத்த செக்கப்புக்கு அவர் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. நேரில் பார்த்து வரும்படி டாக்டர் என்னை அனுப்பினார். பொன்முடி பஸ்ஸில் போய்க் கல்லாற்றில் இறங்கினேன். பாலத்தடியில் தண்ணீர் பாறைகளைச் சுற்றிக்கொண்டு ஓடியது. அந்தக் குளிர்ச்சிக்காகவே தினமும் இங்கே வேலை இருக்கக் கூடாதா என்று தோன்றியது.

கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தது அவர் மனைவி லில்லி.

"அண்ணாச்சி எங்க?"

"உள்ளதான் இருக்காவ. பஸ் வந்தா அடுக்களையை விட்டு வெளிய வரமாட்டாவ. முன்னெல்லாம் இவிய சத்தம் கேட்டுத்தான் டிரைவரே வண்டிய நிறுத்துவாரு" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "மூக்கப் பாத்து ஒரு டூரிஸ்ட் கிளாஸ அப்படியே வச்சிட்டுப் போயிட்டான். அதுக்கப்புறம் இப்படித்தான்" என்றாள்.

தங்கையன் அடுப்புக்குப் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்து மூக்கை மறைத்துக்கொண்டார். அவர் என்னிடம் பொய் சொல்லவில்லை. வெளியே போகாதவருக்கு வெளியே போகும்போது கூச்சம் எப்படி வரும்?

"ஒரு தடவை டாக்டரைப் பாத்துட்டு மட்டும் வாங்க" என்று கேட்டுக்கொண்டேன். லில்லிதான் அவரைக் கிளப்பிக் கூட்டி வந்தாள்.

நடந்ததை டாக்டரிடம் சொன்னேன். அவர் கேள்வித்தாளை ஓரமாக வைத்துவிட்டு, நாற்காலியைத் தங்கையன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தங்கையா, முன்னாடி செஞ்சோண்டிருந்து இப்போ விட்டது என்னெல்லாம்?"

தங்கையன் 'கொழப்பமில்ல' என்று சொல்லவில்லை. தரையைப் பார்த்தபடி, "சபையில வேதபாடம் வாசிக்கது நாந்தான். அத விட்டாச்சு. மக வீட்டுக்குப் போறதில்ல. முகம் வழிக்கப் பார்பர் ஷாப்புக்கும் போறதில்ல, அங்க சுத்திலும் கண்ணாடில்லா" என்றார். லில்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணாடி விஷயம் அவளுக்கே தெரியாது.

3. கூடிய ஸ்கோர்

ஆபரேஷன் நடந்தது. நெற்றியிலிருந்து மூக்குக்கு ஒரு சதைப் பாலம் சில வாரங்கள் தொங்கிக்கொண்டிருக்கும். பிறகுதான் அதை வெட்டி விடுவார்கள். வார்டில் அவர், "சிஸ்டரே, எனக்குத் தும்பிக்கை மொளச்சிருக்கு" என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

எல்லாம் ஆறிய பிறகு மறுபடி கேள்வித்தாளோடு உட்கார்ந்தேன். மூக்கு மூக்காக இருந்தது, தழும்பு மட்டும் தெரிந்தது.

"கூச்சமா இருக்கா அண்ணாச்சி?"

"ரொம்ப. ஞாயித்துக்கிழம சபையில வாசிக்க எந்திச்சேன். எல்லாவனும் மூக்கத்தான் பாக்கான்."

"கடையில?"

"சில பேரு கேப்பான், என்னாச்சுன்னு. எரிச்சலா வரும். சொல்லிட்டு டீயக் கொடுப்பேன்."

கூட்டிப் பார்த்தேன். பூஜ்யமாக இருந்த ஸ்கோர் நன்றாக ஏறியிருந்தது. எங்கள் கணக்குப்படி ஆபரேஷனால் அவர் வாழ்க்கை மோசமாகியிருந்தது. தயங்கித் தயங்கித்தான் அதை டாக்டரிடம் நீட்டினேன். அவர் ஒவ்வொரு பதிலாகப் படித்தார்.

"சர்ச்சுக்குப் போனாரு, அல்லே?"

"போனாரு சார்."

"கடையில முன்னாலயா நிக்கிறாரு?"

"ஆமா."

"அப்போ நல்ல ஸ்கோர்தான் இது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு எந்தக் கேள்வித்தாளைத் தொடங்கினாலும், அதில் இல்லாத ஒன்றை முதலில் கேட்பது எங்கள் பிரிவில் வழக்கமானது: நேற்று எங்கே போனீர்கள், யாரைப் பார்த்தீர்கள்? இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வதும் இவ்வளவுதான். யாராவது ஒரு கஷ்டமும் இல்லை என்றால் உடனே பூஜ்யம் போடாதீர்கள். அவர் வீட்டை விட்டு வெளியே வருகிறாரா என்று பாருங்கள்.