லென்ஸைத் தெரியாது என்ற கேமரா

இந்தப் பக்கத்தில் வாராவாரம் நான் யாரையாவது திட்டுவேன் — உங்களுக்குப் பழகிப்போயிருக்கும். பஸ் கண்டக்டர், கேஸ் ஏஜென்ஸி, மாடி வீட்டுத் தண்ணீர் மோட்டார்... போன வாரம் யாரைத் திட்டினேன் என்பது எனக்கே ஞாபகம் இல்லை. இந்த வாரம் ஒரு மாறுதல். நன்றி சொல்லப்போகிறேன். அதுவும் வேலை செய்யாத ஒரு மெஷினுக்கு!

கேமரா வாங்கினேன். லென்ஸைக் கழற்றி மாட்டுகிற பெரிய கேமரா. ‘தினமும் நடங்க’ என்று டாக்டர் சொல்லிவிட்டார். சும்மா நடக்க எனக்குப் பொறுமை கிடையாது. லீவு நாளில் ஜேடர்பாளையம் பக்கம் போய், காவிரிக் கரையில் கொக்கு, மீன்கொத்தி என்று படம் பிடித்துக்கொண்டே நடக்கலாமே என்று ஒரு யோசனை. ஐம்பது தாண்டியவளுக்கு வரக்கூடாத ஆசையா இது? என் மகன் அப்படித்தான் பார்த்தான்.

அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கேமரா கடை. கடைக்காரர் லென்ஸை மாட்டி, என்னையே ஒரு படம் எடுத்துக் காட்டினார். (படம் தெளிவு. நான்தான் பார்க்கச் சகிக்கவில்லை.) பிறகு கழற்றி, கேமரா தனி, லென்ஸ் தனியாகப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார். ஆக, கடையை விட்டு வரும்போது அது நன்றாகத்தான் இருந்தது.

சேதி எப்படியோ திருச்செங்கோட்டுக்கு, என் அக்காவுக்குப் போய்விட்டது. உடனே போன்.

“கண்ணு, வெள்ளிக்கெழம மாமா வண்டி கெளம்புது. கேமராவத் தூக்கிட்டு வந்துரு சாமி. ஒரே ஒரு போட்டோ. நானு, மாமா, பிருந்தா... மூணு பேரும் ஒண்ணா நிக்கோணும்.”

ஒரு போட்டோவுக்கு இவ்வளவு கெஞ்சலா என்று தோன்றும். அக்கா வீட்டு ஹாலில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்திருந்தால் அப்படித் தோன்றாது.

அக்காவின் வீட்டுக்காரர், அதாவது என் மாமா, சொந்தமாக போர்வெல் ரிக் வண்டி வைத்திருக்கிறார். முதலாளியும் அவரே, வண்டியோடு போகிறவரும் அவரே. தீபாவளி முடிந்து வடக்கே கிளம்பினால், அங்கே மழை பிடித்த பிறகுதான் வீடு. நம் ஊரில் நல்ல காரியம் எல்லாம் எப்போது வரும்? தையில், வைகாசியில்! மகள் பிருந்தா பெரியவளானபோது செய்த சீர், புது வீட்டுக் கிரகப்பிரவேசம் — ஒன்றிலும் மாமா இல்லை. சத்தீஸ்கரில் எங்கோ பாறையைத் துளைத்துக்கொண்டிருந்தார்.

அதனால் கிரகப்பிரவேசப் படத்தில் ஸ்டூடியோக்காரர் ஒரு காரியம் செய்தார். மாமாவின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை எடுத்து, அதற்குக் கோட்டும் டையும் போட்டு, அக்காவின் தோளுக்குப் பின்னால் ஒட்டிவிட்டார். மாமா ஜென்மத்தில் கோட்டு போட்டவர் இல்லை. வெளிச்சம் அக்கா முகத்தில் ஒரு பக்கம், மாமா முகத்தில் வேறு பக்கம். வருகிற ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் “ஊட்டுக்காரரு வெளிநாட்டுலயாங்க?” என்று கேட்பார்கள். ஒரு புண்ணியவதி குரலைத் தாழ்த்தி, “எப்பங்க தவறுனாரு?” என்றே கேட்டுவிட்டாள். அன்றைக்கு அக்கா எனக்குப் போன் செய்து அழுதாள்.

அவளுக்கு வேண்டியது, மாமா நிஜமாகவே வந்து நின்ற ஒரு படம். பெரிசாக, பிரேம் போட்டு. ‘செல்போனில் எடுக்கலாமே?’ என்கிறீர்கள். எடுத்தார்கள். அந்த போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது, படங்களும் அதோடு போயின. இந்தத் தடவை பெரிய கேமராதான் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

வியாழக்கிழமை மாலையே போய்விட்டேன். பெட்டியைத் திறந்ததுதான் தாமதம், அக்கா எல்லாவற்றையும் வாங்கித் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டாள். “மொதல்ல சாமிகிட்ட வெக்கோணும்.” அந்த வீட்டில் அதுதான் வழக்கம். ஸ்பேனர் வாங்கினாலும் சரி, மிக்ஸி வாங்கினாலும் சரி, பூஜை போடாமல் வேலைக்கு எடுக்க மாட்டார்கள். நானும் சரி என்று விட்டுவிட்டுத் தூங்கப் போனேன்.

வெள்ளிக்கிழமை காலை. வாசலில் மாலை போட்ட ரிக் வண்டி. பின்னால் துளைபோடுகிற ராடு ஏற்றிய லாரி. கற்பூரம் காட்டியாகிவிட்டது. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. பத்தரைக்கு ராகு காலம் பிறக்கும், அதற்குள் பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி நகர்ந்துவிட வேண்டும். அக்கா பட்டுப்புடவையில், மாமா வெள்ளை வேட்டியில், நடுவில் பிருந்தா. மூன்று பேரும் வண்டிக்கு முன்னால் விறைப்பாக நின்றார்கள்.

நான் கம்பீரமாக லென்ஸை மாட்டினேன். ‘டக்’ என்று சத்தம் வந்தது. சுவிட்சைப் போட்டேன். திரை ஒரே கறுப்பு. நடுவில் ஆங்கிலத்தில் ஒரு வரி — லென்ஸ் இல்லை, மாட்டவும்.

இல்லையா? அப்போ இது என்ன, சொம்பா?

கழற்றி மாட்டினேன். அதே வரி. பேட்டரியை எடுத்துப் போட்டேன். அதே வரி. பிருந்தா இன்ஜினியரிங் கடைசி வருஷம். “குடுங்க சித்தி” என்று வாங்கி, மெனுவுக்குள் புகுந்து என்னென்னவோ அழுத்தினாள். அதற்கப்புறம் அதே வரி ஜப்பான் மொழியில் வந்தது!

கம்பெனி ஹெல்ப்லைனுக்கு அடித்தேன். ஒன்றை அழுத்தச் சொன்னார்கள், நாலை அழுத்தச் சொன்னார்கள், ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது’ என்றார்கள்... பிறகு புல்லாங்குழல் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கேமராவையும் டயருக்கு அடியில் வைத்திருப்பேன்.

டிரைவர் வாட்சைப் பார்த்தார். “அண்ணா... நேரமாவுதுங்க.”

அக்காவின் முகம் வாடிப்போயிற்று. குரலில் மட்டும் தைரியம். “உடு கண்ணு, இன்னொரு வருசம் பாத்துக்கலாம். ஏனுங்க, நீங்க வண்டிய எடுங்க. ராவு காலம் பொறக்கப்போவுது.”

மாமாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதிகம் பேச மாட்டார். குறித்த நேரத்துக்குக் கிளம்புவதில் அப்படி ஒரு கறார். ‘சித்த நேரம் இருங்களேன்’ என்று அக்கா அவரிடம் கேட்டு நான் பார்த்ததே இல்லை. கேட்டாலும் இருக்க மாட்டார் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமா டிரைவரைப் பார்த்து, “எஞ்சின ஆப் பண்ணு” என்றார்.

“அண்ணா, ராவு காலம் வந்துருச்சுன்னா—”

“வரட்டும். முடிஞ்சப்புறம் போலாம்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “அம்மிணி, நீ பதறாம பாரு. படம் எடுக்காம இந்த வண்டி நகராது.”

அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கம் பக்கமாகத் திட்டத் தெரிந்த நான், திட்டுவதை நிறுத்திவிட்டு யோசித்தேன்.

அப்போதுதான் அஸ்தம்பட்டிக் கடைக்காரர் ஞாபகம் வந்தார். பில்லில் இருந்த நம்பருக்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டேன். இப்போதுதான் ஷட்டரைத் தூக்கினேன் என்றார். நான் மூச்சு விடாமல் கதை முழுவதும் சொல்லி முடித்தேன்.

“மேடம், ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சுக்காதீங்க. பூஜை போட்டீங்களா?”

“போட்டோம். ஏன்?”

“லென்ஸைக் கழட்டிப் பின்பக்கம் பாருங்க. ஓரத்துல வரிசையா, தங்கக் கலர்ல, குட்டிக் குட்டியாப் புள்ளி இருக்கும். அது வழியாத்தான் லென்ஸும் கேமராவும் பேசிக்கும். அதுமேல ஏதாச்சும் ஒட்டியிருக்கா?”

பார்த்தேன். ஒட்டியிருந்தது. காய்ந்து இறுகிய சந்தனம். அதன் மேல் அழகாக, வட்டமாக, ஒரு குங்குமப் பொட்டு!

நிமிர்ந்து அக்காவைப் பார்த்தேன்.

“கண்ணாடியில படாமத்தான சாமி வெச்சேன்!” என்றாள் அக்கா பதறிப்போய். “மூடி மேல வெச்சா மூடிக்குத்தான பூஜை? அதான் மூடியக் கழட்டுனேன். உள்ள தங்கமாட்டமா புள்ளி புள்ளியா இருந்துச்சு. பொட்டு வெக்கறதுக்குன்னே எடம் உட்டிருக்கான் போலிருக்குதுன்னு...”

போனில் கடைக்காரர் சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும். “அக்கா, நீங்க ஒருத்தர் மட்டும் இல்லீங்க. ஆயுத பூஜை முடிஞ்சா எனக்கு ஒரு வாரத்துக்கு இதே வேலைதான்!” பிறகு நிதானமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். லென்ஸின் பின்பக்கம் தரையைப் பார்க்க இருக்க வேண்டும், தூள் உள்ளே விழக் கூடாது. மூக்குக் கண்ணாடி துடைக்கிற துணி போதும், நனைக்கக் கூடாது. வாயால் ஊதவே கூடாது. “அவசரப்படாதீங்க மேடம், நான் லைன்லயே இருக்கேன்” என்றார். கடையில் யாரோ ஆள் வந்து நின்ற சத்தம் கேட்டது. அப்போதும் வைக்கவில்லை.

நான் துடைத்துக்கொண்டிருக்கும்போதே ராகு காலம் பிறந்துவிட்டது. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “நல்ல நேரத்துல போவ வேண்டிய வண்டிய நானே நிறுத்திப்போட்டேன்...”

மாமா சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

“வண்டிக்குப் பொட்டு வெச்சே, வண்டி நின்னுது. கேமராவுக்கு வெச்சே, அதுவும் நின்னுது. எனக்கும் ஒண்ணு வெச்சுரு புள்ள. நானும் நின்னுக்கறேன்.”

டிரைவர் நாகரிகமாகத் திரும்பி நின்றுகொண்டார். அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். லென்ஸை மாட்டினேன், சுவிட்சைப் போட்டேன் — திரையில் அக்கா, மாமா, பிருந்தா! விட்டேனா? பட்டனில் வைத்த விரலை எடுக்கவே இல்லை. கடைக்காரர் போனில் “வந்துருச்சா மேடம், வந்துருச்சா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வந்துருச்சு சாமி, மகராசனாக இருங்க.

கதை இத்தோடு முடிந்திருந்தாலே நான் நன்றி சொல்லியிருப்பேன். ஆனால் பாருங்கள், ராகு காலம் முடிய இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அதுவரை வண்டியை எடுக்க முடியாது. யாருக்கும் எந்த வேலையும் இல்லை. எல்லோரும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார்கள்.

அக்கா பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குக்கரில் அரிசிம்பருப்பு சாதம் வைத்தாள். வண்டி ஆட்கள் எல்லோரும் சப்பணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மாமா நெய்யை ஊற்றிக்கொண்டு இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார். பிருந்தாவிடம் பிராஜெக்ட் என்றால் என்ன, அதில் நீ என்ன செய்கிறாய் என்று கேட்டார். அவள் சொன்னதில் பாதி அவருக்குப் புரிந்திருக்காது, ஆனாலும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒழுகிக்கொண்டிருந்த சமையலறைக் குழாயை முடுக்கிவிட்டார். அப்புறம் கொல்லைப்புறப் படியில் அவரும் அக்காவும் உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. கேமராவையும் கொண்டுபோகவில்லை.

பன்னிரண்டு தாண்டியதும் வண்டி கிளம்பிப் போயிற்று. வழக்கமாக அக்கா தெருமுனை வரை ஓடுவாள், திரும்பி வந்து மூலையில் உட்கார்ந்துகொள்வாள். அன்றைக்கு ஓடவில்லை. வாசலிலேயே நின்று கையைக் காட்டிவிட்டு, உள்ளே வந்து எனக்குச் சாப்பாடு போட்டாள்.

நாம் வாங்குகிற பொருள்கள் எல்லாம் டக் டக்கென்று வேலை செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். இல்லாவிட்டால் என்னைப் போல் பேனாவை எடுத்துவிடுகிறோம். அந்தக் கேமரா அன்றைக்கு ஒழுங்காக வேலை செய்திருந்தால்? ஒரு ‘கிளிக்’, ஒரு கும்பிடு, வண்டி போயிருக்கும். படம் கிடைத்திருக்கும். மனுஷன் கிடைத்திருப்பாரா?

ஆகவே, கடையில் ஆளை நிற்க வைத்துவிட்டு என்னோடு பேசிய கடைக்காரருக்கு நன்றி. எஞ்சினை நிறுத்திய மாமாவுக்கு நன்றி. லென்ஸே இல்லை என்று சாதித்த என் கேமராவுக்கும் பெரிய நன்றி.

போன ஞாயிற்றுக்கிழமை, பெரிசாகப் பிரிண்ட் போட்டு, பிரேம் மாட்டி, அக்கா வீட்டுக்கு எடுத்துப்போனேன். கோட்டு மாமாவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதை மாட்டினோம். அக்கா முந்தானையால் பிரேம் கண்ணாடியைத் துடைத்துவிட்டாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது வாசல் வரை வந்து சொன்னாள்:

“அடுத்த தீவாளிக்கும் கேமராவத் தூக்கிட்டு வந்துரு கண்ணு. பூஜைய நான் பாத்துக்கறேன்.”